ஒலிநூலை வாசித்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை திரைக்கு வரும் படத்துக்குச் சனிக்கிழமை காலையிலேயே தங்கள் நாளிதழில் அரைப்பக்க விமர்சனம் வந்துவிடுகிறது. இயக்குநர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் தொடங்கி, சில வாரங்களில் மக்கள் தொடர்பாளர் வரைக்கும் எல்லாருடைய பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. அதே பக்கத்தின் கீழ்மூலையில் தொலைக்காட்சித் தொடருக்கும், ஒலிநூலுக்கும், மறுபதிப்பு கண்ட பழைய நாவலுக்கும் நான்கைந்து வரிகள் ஒதுக்கப்படுகின்றன. அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் யார், அந்த ஒலிநூலை வாசித்தவர் யார், அந்த நாவல் முதன்முதலில் எந்த ஆண்டில் எந்த இதழில் வெளிவந்தது என்ற விவரங்கள் அந்த வரிகளில் அநேகமாக இருப்பதில்லை. தமிழில் வெளியாகும் பல இதழ்களுக்கும் பொதுவான குறைதான் இது. எனினும் வாசகர் கடிதத்துக்கு இன்னும் இடம் கொடுக்கும் நாளிதழிடம் முறையிடுவதே பயன் தரும் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவள் நான். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் அட்டையைப் பார்த்த கையோடு பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அந்த வேலை தந்த பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு புத்தகத்தைவிடத் தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான் வீட்டில் அதிக நேரம் ஓடுகின்றன. பழக்கம் மட்டும் போகவில்லை. எதைப் பார்த்தாலும் கேட்டாலும், இதைச் செய்தவர் யார் என்று தேடுகிறேன். தேடியது கிடைக்காத சந்தர்ப்பங்களே அதிகம்.

முதலில் தொலைக்காட்சி. ஜீ5 தளத்தில் 2023 ஜனவரியில் வெளிவந்த 'அயலி' தொடரை எங்கள் வீட்டில் தாமதமாகத்தான் பார்த்தோம். கதை 1990-இல் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. பெண் பூப்படைந்தவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தி மணம் முடித்துவிடும் அந்த ஊரில், மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் சிறுமி தான் வயதுக்கு வந்ததை மறைத்துப் படிப்பைத் தொடர்கிறாள். முத்துக்குமார் இயக்கிய இந்த எட்டுப் பகுதிகளில் சிறுமியாக நடித்த அபி நட்சத்திராவைப் பலரும் பாராட்டினார்கள். அது நியாயமான பாராட்டு. என்னைக் கேட்டால், அம்மாவாக வரும் அனுமோள்தான் தொடரைத் தாங்குகிறார். மகளின் ரகசியம் தெரிந்துபோன பின் வீட்டுக்குள் அவர் நடக்கும் நடையே மாறிவிடுகிறது. கடைசிப் பகுதிகளில் ஆளாளுக்கு மேடை ஏறியதுபோலப் பேசத் தொடங்கிவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. அதுவரை காட்சிகள் சொல்லிவந்ததையே வசனம் மறுபடியும் உரக்கச் சொல்கிறது. அப்படி எழுத வேண்டும் என்று முடிவெடுத்தவர் யார், முன்பகுதிகளின் அடக்கமான வசனங்களும் அதே கையிலிருந்து வந்தவையா என்று அறிய ஆசைப்பட்டுப் பெயர்ப்பட்டியலைப் பார்க்க முயன்றேன். பட்டியல் ஓடத் தொடங்கியதுமே திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம் என்ற சிபாரிசு வந்து நின்றது. தொலைவியக்கியில் சரியான பொத்தானைத் தேடிப்பிடிப்பதற்குள் பெயர்கள் போயே போய்விட்டன.

இது ஏதோ ஒரு தளத்தின் கோளாறு அன்று. ஓ.டி.டி. என்று நாம் சொல்லும் தளங்கள் பலவற்றின் ஏற்பாடே இதுதான்: தொடக்கப் பெயர்ப்பட்டியலைத் தாண்டிப் போவதற்கு ஒரு பொத்தான், முடிவில் வரும் பட்டியலை விழுங்கிக்கொண்டு தானாகவே தொடங்கும் அடுத்த பகுதி. 'சுழல்' தொடரின் முதல் பருவத்தை 2022-இல் வரிசையாக உட்கார்ந்து பார்த்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதிரையும் ஐஸ்வர்யா ராஜேஷையும் தெரியும்; அதை எழுதி உருவாக்கிய இணையர் புஷ்கர், காயத்ரி என்பது தெரியாது; பிரம்மாவும் அனுசரணும் பகுதிகளைப் பிரித்துக்கொண்டு இயக்கினார்கள் என்பதும் தெரியாது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களையும் காவல் விசாரணையின் கட்டங்களையும் ஒன்றோடொன்று பின்னிச் சென்ற அந்த முதல் பருவம் என் கணிப்பில் நல்ல எழுத்து. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவத்தில் திருவிழா ஒரு பக்கமும் கொலை விசாரணை இன்னொரு பக்கமும் போய்விட்டன. கூட்டமும் மேளமும் தீப்பந்தமும் கண்ணுக்கு நிறைவாக இருந்தும் கதைக்குள் அவை இறங்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு விமர்சகர் எழுத வேண்டுமானால் முதலில் எந்தப் பகுதியை யார் எழுதினார், யார் இயக்கினார் என்று சொல்லியாக வேண்டும். நான் படித்த குறிப்புகளில் நடிகர்களின் பெயர்களுக்கு அப்பால் எதுவும் இல்லை.

அன்றாடத் தொடர்களின் நிலை இதைவிட வேடிக்கையானது. சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' தொடரை என் மாமியாருடன் சேர்ந்து பார்த்தவள் நான். ஒரே சமையற்கட்டில் மருமகள்கள் கூடிப் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இருந்த நையாண்டியும் ஆற்றாமையும் இப்போதைய பல திரைப்படங்களில்கூடக் காணக் கிடைக்காதவை. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு வசனம் எழுதுவது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்பது அச்சகத்தில் வாரப் பத்திரிகை வேலை பார்த்த எனக்கு ஓரளவு தெரியும். ஆயினும் அந்த வசனகர்த்தாவின் பெயர், தொடக்கப் பாடலின்போது இமைக்கும் நேரம் வந்து போவதோடு சரி. தமிழ்த் தொடர்கள் நிறுத்தி நிதானமாக ஒருவரின் பெயரை நமக்கு அறிவிக்கும் ஒரே தருணம், 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுதிக் காட்டும் தருணம்தான். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமான பிறகு, அந்த இடத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்ததை நாடே பேசியது. அந்த இருவர் வாயிலும் வைத்த சொற்களை எழுதியவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. தூர்தர்ஷன் காலத்தில் கே.பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' ஓடியபோதும், பிறகு சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' ஓடியபோதும், அவை யாருடைய தொடர்கள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'மர்மதேசம்' என்றால் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியது, நாகா இயக்கியது என்று அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். பத்திரிகைகளும் அந்தப் பெயர்களைச் சேர்த்தே எழுதின. அந்த வழக்கம் அற்றுப்போனதில் தொலைக்காட்சிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு செய்தித்தாள்களுக்கும் உண்டு என்று சொன்னால் தாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒலிநூல் விஷயத்தில் என் வருத்தம் இன்னும் கூடுதலானது. என் மாமியாருக்குக் கண் நீர் அழுத்த நோய் முற்றிய பின் அச்செழுத்து படிக்க முடியாமல் போயிற்று. சிறு வயதிலிருந்தே தொடர்கதை படித்து வளர்ந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கைப்பேசியைத் தலையணைக்கு அருகில் வைத்து ஒலிநூல் கேட்பது இப்போது அவருடைய பொழுதுபோக்கு. ஒருநாள் ஒரு சமூக நாவலைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏம்மா, இதைப் படிக்கிற பொண்ணு யாரு? தஞ்சாவூர்ப் பக்கமா இருக்கணும், பேச்சு அப்படியே இருக்கு" என்றார். செயலியைத் திறந்து பார்த்தேன். நாவலின் பெயர் இருந்தது, ஆசிரியரின் பெயர் இருந்தது, எத்தனை மணி நேரம், எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருந்தன. வாசித்தவரின் பெயர் இல்லை. "ரேடியோவுல நாடகம் போட்டா முடியறப்போ எல்லார் பேரையும் சொல்லுவாங்களே, இதுல சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். பல மணி நேரம் ஒரு குரலோடு உறவாடிய பிறகு அந்தக் குரலுக்கு உரியவரைத் தெரிந்துகொள்ள விரும்புவது இயல்புதானே?

அவர் சொன்னது உண்மை. 1938-இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் நாடகத்தையோ கதை வாசிப்பையோ ஒலிபரப்பினால், எழுதியவர், பங்கேற்றவர்கள், தயாரித்தவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி முடிப்பது மரபு. பெயர் சொல்ல ஆகும் நேரத்தையும் நிகழ்ச்சியின் நேரத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு குறுந்தகட்டுக் காலத்தில் கல்கியின் நாவல்களை நாடகக் கலைஞர்களின் குரல்களில் ஒலிநூலாக்கிய பாம்பே கண்ணனின் பெயரைச் சொல்லியே மக்கள் அந்தத் தகடுகளைக் கேட்டு வாங்கினார்கள். குறுந்தகட்டின் உறையில் பெயர்களை அச்சிட இடம் இருந்தது. செயலியில் அதைவிட இடம் அதிகம், மனம்தான் இல்லை.

இதில் சட்டமும் வாசிப்பவர் பக்கம்தான் நிற்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தியபோது, 38பி என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். தான் நிகழ்த்திய நிகழ்ச்சிக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை அது நிகழ்த்துநருக்கு வழங்குகிறது. நிகழ்ச்சியைப் பயன்படுத்தும் விதத்தின் காரணமாகவே பெயரை விட வேண்டியிருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. ஒரு நாவலை முழுவதுமாக வாசித்துக் கொடுத்தவர் நிகழ்த்துநர் இல்லை என்று யாரும் வாதாட முடியாது என்பது என் எண்ணம். பெயரை எழுத இரண்டு அங்குலத் திரை போதும் என்கிறபோது விலக்குக்கும் வழியில்லை. உரிமை இருந்தும் அதைக் கேட்டுப் பெறும் நிலையில் வாசிப்பவர்கள் இல்லை. அவர்களில் பலர் பகுதிநேரமாக, வீட்டு அறையில் போர்வையைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைத்து, மணிக்கணக்கில் பேசி, ஒருமுறை மட்டும் கூலி பெற்றுக்கொண்டு போகிறவர்கள்.

வாசிப்பின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமர்சனம் என்பதே இல்லாத துறையில் தரம் தானாக உயராது. நான் கேட்டவரையில், ஒரே ஒருவர் எந்த அலங்காரமும் இல்லாமல் நிதானமாக வாசித்தவையே நன்றாக இருக்கின்றன. வரலாற்று நாவல் என்றாலே குதிரைக் குளம்பொலியும் வாள் மோதும் ஓசையும் சேர்த்தாக வேண்டும் என்று எவரோ விதித்துவிட்டார்கள். காது சற்று மந்தமானவர்களுக்கு அந்த ஓசைக்கு அடியில் சொற்களே கேட்பதில்லை. ஒலிநூலை அதிகம் நாடுகிறவர்களில் அத்தகைய முதியவர்கள் கணிசமானவர்கள். கரிசல் காட்டுக் கதையைச் சென்னைக் குரல் வாசிக்கும்போதும், நாஞ்சில் நாட்டு உரையாடலை மேடைத் தமிழாக்கி வாசிக்கும்போதும், எழுத்தாளர் பார்த்துப் பார்த்து வைத்த வட்டார வழக்கு உதிர்ந்துபோகிறது. ழகரம், ளகரம் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

அடுத்தது, சுருக்கம். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் அவற்றை ஒலிநூலாக்கலாம். மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-லும் 2023-லும் வந்ததையொட்டிப் 'பொன்னியின் செல்வ'னுக்குப் புதுப்புதுப் பதிவுகள் முளைத்தன. ஐந்து பாகங்களையும் வரி விடாமல் வாசித்தால் பல பத்து மணி நேரம் ஆகும். நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் பதிவு ஒன்று, சுருக்கம் என்ற சொல்லே எங்கும் இல்லாமல், அதே பெயரில் கிடைக்கிறது. வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வரும் தொடக்கமே அதில் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு, நாவலைப் 'படித்துவிட்டேன்' என்று ஒரு மாணவர் சொன்னால் அவர்மேல் என்ன தவறு?

கடைசியாக வந்து சேர்ந்திருப்பது இயந்திரக் குரல். தூரத்திலிருந்து கேட்டால் மனிதக் குரல் என்றே தோன்றும். கிட்டத்தில் கேட்டால் 'தி.நகர்' என்னுமிடத்தில் 'தி' என்று சொல்லி, வாக்கியம் முடிந்ததுபோல மூச்சு வாங்கிவிட்டு, 'நகர்' என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறது. 'காந்தி' என்ற பெயரை வல்லின ககரம் வைத்து வாசித்த குரல் ஒன்றையும் கேட்டேன். சாவு வீட்டுக் காட்சியையும் கல்யாண வீட்டுக் காட்சியையும் ஒரே புன்னகையோடு வாசிக்கிறது. இயந்திரம் வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; ஆளை அமர்த்தி வாசிக்க வைக்க வசதியில்லாத சிறு நூல்களுக்கு அது உதவக்கூடும். ஆனால் அது இயந்திரம் என்பதைக் கேட்பவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதர் வாசித்ததற்கே பெயர் போடாத செயலியில், பெயர் இல்லாத குரல் மனிதருடையதா இயந்திரத்தினுடையதா என்று கேட்பவர் எப்படிக் கண்டுகொள்வார்?

இனி புத்தகக் கடைகள். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு பழைய புத்தகம் தேடுபவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் பாரதி சாலை நடைபாதையே பெரிய புகலிடமாக இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் சாலை என்றுதான் சொல்கிறோம். நுழைவுத்தேர்வு வழிகாட்டிகளும் பொறியியல் பாடநூல்களும் குவிந்துகிடக்கும் அந்த நடைபாதையில், அண்மையில் ஒரு பைண்டு புத்தகம் கிடைத்தது. 1960-களில் வார இதழ் ஒன்றில் வெளிவந்த தொடர்கதையை யாரோ ஒரு வாசகர் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து, முதுகில் காலிகோத் துணி ஒட்டிக் கட்டியிருக்கிறார். பக்கங்களின் மறுபுறத்தில் பல்பொடி விளம்பரமும், பாதியில் அறுபட்ட நகைச்சுவைத் துணுக்கும், வேறொரு கதையின் நடுப்பகுதியும் இருக்கின்றன. முன்னால் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைச் சேர்த்து, நாவலின் பெயர், ஆசிரியர் பெயர், ஓவியர் பெயர், தொடங்கிய இதழின் தேதி, முடிந்த இதழின் தேதி ஆகியவற்றை நீல மையில் எழுதியிருக்கிறார். நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை. அந்த இடத்தில் இன்னொரு நோட்டுத் தாள். 'இந்த வாரம் பத்திரிகை கிடைக்கவில்லை, எதிர்வீட்டில் வாங்கிப் படித்துக் கதையை மட்டும் எழுதியிருக்கிறேன்' என்ற குறிப்போடு, பொடி எழுத்தில் அத்தியாயச் சுருக்கம். சுருக்கம் என்று சொல்லியே சுருக்கம் தந்த அந்த முகம் தெரியாத வாசகர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று. கடைக்காரர் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தேன். பாரதி சாலையில் நான் பேரம் பேசாமல் வாங்கியது அநேகமாக அது ஒன்றுதான்.

அதே நாவலின் புத்தம்புதிய மறுபதிப்பு ஒன்றையும் பிறகு வாங்கினேன். பளபளப்பான அட்டை, நல்ல தாள். பதிப்பு விவரப் பக்கத்தில் 'முதற்பதிப்பு: 2023' என்று இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடே வாரந்தோறும் காத்திருந்து படித்த கதைக்கு 2023 முதற்பதிப்பாம்! அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பு என்பதே அதன் பொருள் என்று விளக்கம் சொல்வார்கள். வாங்குகிற இளைஞருக்கு அந்த விளக்கம் எப்படித் தெரியும்? எந்த இதழில் வந்தது என்ற குறிப்பு இல்லை. ஆசிரியர் எழுதிய முன்னுரை இல்லை. ஓவியங்கள் இல்லை, ஓவியரின் பெயரும் இல்லை. பைண்டு புத்தகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில், மறுபடி தட்டச்சு செய்தபோது ஒரு பத்தியில் முழுதாக இரண்டு வரிகள் விடுபட்டிருப்பது தெரிந்தது. அந்த இரண்டு வரிகள் இல்லாததால், அறைக்குள் இருந்த பாத்திரம் எப்போது வெளியே போனது என்று தெரியாமல் அடுத்த பக்கத்தில் தெருவில் நிற்கிறது. மூல இதழைப் பக்கத்தில் வைத்து ஒரே ஒருமுறை மெய்ப்புப் பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும் பிழை இது.

ஓவியரின் பெயரை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' கலைமணி என்ற புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதி ஆனந்த விகடனில் வந்தபோது, கோபுலுவின் கோடுகளோடுதான் வாசகர்கள் அதைப் படித்தார்கள். சிவாஜியும் பத்மினியும் அந்தப் பாத்திரங்களுக்கு முகம் கொடுப்பதற்கு முன்பே கோபுலு முகம் கொடுத்துவிட்டார். கல்கியின் சோழர் கதைக்கு மணியம் வரைந்த கொண்டைகளும் அணிகலன்களும் அப்படித்தான். தொடர்கதை என்ற வடிவத்தில் ஓவியர் பாதி ஆசிரியர்.

நல்ல முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பில், ஒவ்வொரு கதையும் எந்த இதழில் எப்போது வந்தது, பின்னர் கதையின் வாசகம் எப்படி மாறியது என்ற விவரம் இருக்கிறது. எல்லா நாவலுக்கும் அத்தகைய ஆய்வுப் பதிப்பு வர வேண்டும் என்று கேட்பது பேராசை. முதலில் வந்த ஆண்டையும் இதழின் பெயரையும் ஒரு வரியில் போடுவதற்கு ஆய்வு தேவையில்லை. கன்னிமாரா நூலகத்திலோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்திலோ ஒரு நாள் செலவிட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இங்கும் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஆங்கிலேயர் அதைக் கண்காணிப்புக்காகக் கொண்டுவந்தார்கள். ஆயினும் தமிழ்ப் புத்தக வரலாற்றை எழுத முனைந்தவர்களுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ தகவல்களைத் தந்தது. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு 2023-இல் கொண்டுவந்த புதிய சட்டம் பருவ இதழ்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது; புத்தகங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. எங்கள் அச்சகத்தில் அச்சகப் பெயர் விடுபட்டால் முதலாளி அச்சு ஓட்டத்தையே நிறுத்திவிடுவார். அந்தப் பயம் இப்போது யாருக்கும் தேவையில்லை. நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் அரங்குக்கு அரங்கு தரும் விலைப்பட்டியல்களை வாங்கி வந்து படிப்பது என் வழக்கம். தலைப்பு, ஆசிரியர், விலை தவிர அவற்றில் வேறு விவரம் காண்பது அரிது. 1977-இல் முதல் காட்சி நடந்த காலத்திலிருந்து பத்து சதவீதத் தள்ளுபடிக்காக வரிசையில் நிற்கும் சென்னை வாசகர்கள், எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்கும் தகுதியும் உடையவர்கள்தாம்.

சட்டம் செய்யாததையும் நிறுவனங்கள் செய்ய மனமில்லாததையும் செய்தித்தாள் ஓரளவு செய்யலாம் என்பதே என் வேண்டுகோள். தொடரைப் பற்றி நான்கு வரி எழுதினாலும் கதை, திரைக்கதை, வசனம் எழுதியவர்களின் பெயர்களைச் சேருங்கள்; தயாரிப்பு நிறுவனம் தரத் தயங்கினால் கேட்டு வாங்குங்கள். ஒலிநூல் என்றால் வாசித்தவர் யார், முழுமையா சுருக்கமா, மனிதக் குரலா இயந்திரக் குரலா என்பதை எழுதுங்கள். மறுபதிப்பு என்றால் முதலில் வந்த ஆண்டையும் இதழையும் எழுதுங்கள். அந்த விவரம் புத்தகத்தில் இல்லாவிட்டால் 'இல்லை' என்றே எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து 'இல்லை' என்று அச்சில் வந்தால், பதிப்பகங்கள் தாமாகவே போட ஆரம்பித்துவிடும். கூச்சத்துக்கு இருக்கும் வலிமை அறிவுரைக்கு இல்லை. இடப் பற்றாக்குறை என்று தங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். அப்படியானால் திரை விமர்சனத்தில் மக்கள் தொடர்பாளரின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொடுக்கட்டும்; அவரது பெயர் சுவரொட்டியிலும் அழைப்பிதழிலும் ஏற்கெனவே இருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில் ஒரு சிறுகதைத் தொகுப்பின் ஒலிநூலைப் பாராட்டி, 'உருக்கமான குரல்' என்று எழுதியிருந்தீர்கள்; குரலுக்கு உரியவரின் பெயர் குறிப்பில் இல்லை. அந்தப் பதிவின் கடைசிக் கதை முடிந்து இசையும் அடங்கிய பின், சில நொடி இடைவெளிக்கு அப்புறம் வாசித்தவர் தம் பெயரைத் தாமே சொல்கிறார். தங்கள் விமர்சகர் அதுவரை கேட்டிருக்க மாட்டார். மறுபடி கேட்டு, வரும் ஞாயிறு அன்று திருத்தப் பகுதியில் அந்தப் பெயரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மந்தைவெளி, சென்னை - 28.